விரிசல் விட்ட அம்பு

எண்பதுகளில் திண்டிவனத்தில் தச்சு வேலை செய்தேன். வில்வித்தைப் போட்டிக்குத் தயாரான தங்கை கணவருக்கு மர அம்புகள் செய்தேன். குச்சிகளை இழைத்து உருட்டி, தணலில் வாட்டி நிமிர்த்தி, ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்தேன். கடைசி அம்பில் 'டிக்'கென்று சத்தம் கேட்டது. உள்ளே விரிசல் என்று தெரிந்தும், இன்னொன்று செய்யச் சோம்பல்பட்டு, வார்னிஷ் பூசிக் கொடுத்துவிட்டேன்.

விழுப்புரத்தில் பயிற்சியின்போது, நாணை விட்டதுமே அந்த அம்பு உடைந்து அவருடைய இடது உள்ளங்கையைத் துளைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"எதுக்கு மச்சான் அழுதுகினு இருக்கே? நான்தான் ஜாஸ்தியா இழுத்துட்டேன்" என்றார்.

சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் தங்கை நின்றாள். சொல்லவில்லை.

அந்தக் கையின் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. போன வருடம் அவர் இறந்துபோனார்.

"நீ செஞ்ச அம்பு மாதிரி வராதுன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா" என்று தங்கை அழுதாள்.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பது?