துரைசானி வீட்டுக் கூக்கிசு

பவுனம்மாள் கோட்டைக்குப்பத்துக்காரி. முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து புருஷன் தருமலிங்கம் போய்ச் சேர்ந்த பிறகு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் எனப்பட்ட டச்சுக்காரர்களின் தெருவில் மீன் விற்றுப் பிழைத்தாள். நல்ல இறால் கிடைத்த அன்றைக்கு முதலில் போய் நிற்பது கொர்னேலியா துரைசானி வீட்டு வாசலில்தான்.

துரைசானி உலாந்தாக்காரி என்றாலும் பழவேற்காட்டிலேயே பிறந்தவள். வளர்த்த ஆயா குப்பத்துப் பெண் என்பதால் பேச்சும் அப்படியே வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் பேரம் பேசினால், புதிதாக வருகிறவர்கள் உள்ளே யாரோ மீனவப் பெண் இருக்கிறாள் என்றே நினைப்பார்கள். மேற்கேயிருந்து படையெடுத்து வந்த குதிரைப்படை ஊர் ஊராய்க் கொளுத்திய வருஷம், கோட்டைக்குப்பத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் தன் வீட்டுப் பின்கட்டில் தங்கவைத்துக் கஞ்சி ஊற்றியவள் அவள்.

அடுத்த வருஷம் ஆங்கிலேயர் உலாந்தாக்காரர்களின் கோட்டையைப் பிடித்தார்கள். துணிக் கிடங்கு அதிகாரியாக இருந்த அவள் புருஷனைக் கைதியாகச் சென்னப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். துரைசானி நோயில் படுக்கையாகக் கிடந்ததால் அவளை விட்டுவிட்டார்கள். சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

பவுனம்மாளுக்கு அது தெரியாது. வழக்கம்போல மீனோடு போய்க் குரல் கொடுத்தாள். யாரும் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தபோது துரைசானி தண்ணீர்ச் செம்பை எட்ட முடியாமல் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். பவுனம்மாள் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தாள். அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கூடையில் இருந்த மீன் அன்றைக்கு விலை போகவில்லை. மறுநாளிலிருந்து அவள் கூடையே தூக்காமல் துரைசானியோடேயே இருந்துவிட்டாள்.

இருமலில் ரத்தம் வரத் தொடங்கியதும் துரைசானி ஒருநாள் காலையில் தன் ஆட்கள் சுடும் இனிப்பு பிஸ்கோத்தைக் கேட்டாள்.

"பவுனு, எனக்குக் கொஞ்சம் கூக்கிசு சுட்டுத் தரியா?"

"வாய்க்கு ருசியா கேக்குதாம்மா?"

"எனக்கில்ல. எங்க ஆளுங்கள்ல, சாவுக்கு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. ஆளுக்கொரு கூக்கிசு கையில குடுப்பாங்க. எங்கம்மா போனப்போ நான்தான் வாசல்ல நின்னு குடுத்தேன். எனக்காகக் குடுக்க யாரு இருக்காங்க?"

"இன்னா பேச்சும்மா இது! உசுரோட இருக்கும்போதே சாவுக்குப் பலகாரமா?"

"செத்தப்புறம் நான் பக்குவம் சொல்ல முடியாதே."

பவுனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா வேணும், சொல்லு" என்றாள்.

அலமாரியில் கோதுமை மாவும் சீனியும் இருந்தன. பக்கத்திலேயே துணியில் சுற்றிய ஒரு கருப்புக் கட்டி. கடல் தாண்டிப் பத்தாவியாத் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த சாக்லேட். பவுனம்மாள் அதைக் கருப்பட்டி என்று நினைத்து ஓரத்தைக் கடித்துவிட்டாள்.

"த்தூ! இன்னாம்மா, வேப்பங்கொட்டையை அரைச்சு உருட்டினாப்ல இருக்குது!"

துரைசானிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். பவுனம்மாள் அம்மியைக் கட்டில் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டியை வெயிலில் காட்டி, இளகியதும் மைபோல அரைத்தாள். வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, முட்டையை உடைத்து ஊற்றி, அரைத்ததையும் மாவையும் சேர்த்துப் பிசைந்தாள். எலுமிச்சம்பழ அளவு உருட்டி உள்ளங்கையால் தட்டினாள். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் அவற்றைத் தட்டில் அடுக்கி வைத்து மூடி, கீழேயும் மூடியின் மேலேயும் தணல் போட்டாள்.

முதல் ஈடு கரிந்துவிட்டது. மீன் சுடுகிற கை, தணலை வாரிப் போட்டுவிட்டது.

"மேல கொஞ்சமா போடு" என்றாள் துரைசானி. "எடுக்கும்போது மெத்துனு இருந்தா பயப்படாதே. ஆறினா மொறுமொறுன்னு ஆயிடும்."

இரண்டாம் ஈடு சரியாக வந்தது. வீடு முழுக்க மணம் நிறைந்தது. பவுனம்மாள் ஒன்றை எடுத்து, துளி உடைத்துத் துரைசானியின் நாக்கில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. வாயிலேயே கரையவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கம்மா செஞ்சது இன்னும் கெட்டியா இருக்கும்" என்றாள். பிறகு பவுனம்மாளின் கையைப் பிடித்து, "நீதான் எல்லாருக்கும் குடுக்கணும்" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியான வேளையில் துரைசானி போய்விட்டாள்.

தெருவில் மிச்சமிருந்த உலாந்தாக்காரர்கள் சிப்பாய்களுக்குப் பயந்து கதவைத் திறக்கவில்லை. மாதா கோயில் மணியடிக்கும் கிழவர் மட்டும் வேதப்புத்தகத்தோடு வந்து நின்றார். பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. பவுனம்மாள் கோட்டைக்குப்பத்துக்கு ஓடினாள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் பொன்னுரங்கத்தின் முன்னால் மூச்சிரைக்க நின்றாள்.

"நைனா, துரைசானி போயிட்டா. தூக்கறதுக்கு நாதி இல்ல."

பொன்னுரங்கம் வலையை அப்படியே போட்டார். "நம்ம பொம்பளைங்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டவளாச்சே" என்றார். ஆட்களைக் கூப்பிட்டார்.

குப்பத்து ஆண்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்களும் பின்னால் நடந்தார்கள். கிழவர் உலாந்தா பாஷையில் படித்தது யாருக்கும் புரியவில்லை. மண் தள்ளும்போது பொன்னுரங்கத்தின் மனைவி ரங்கம்மாள் வாய்விட்டு அழ, மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

திரும்பும்போது ஏரிக்கரையில் பவுனம்மாள் கூக்கிசு வைத்திருந்த கூடையை இறக்கி வைத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கணும். அவ சொல்லிட்டுப் போனது."

ஒருவரும் கை நீட்டவில்லை. "எழவு வீட்டுப் பண்டத்தையா?" என்றான் தருமலிங்கத்தின் தம்பி ஆதிகேசவன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, அண்ணி?"

"நாளைக்கு என்னை ஒதுக்கி வெச்சாலும் வெச்சுக்கோங்க. அவ கையைப் புடிச்சு நான் ஒத்துக்கிட்டேன்." பவுனம்மாள் கூடையின் துணியை விலக்கினாள். "யாரும் தொடலேன்னா இதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்?"

பொன்னுரங்கம் ஏரியில் இறங்கினார். தலை முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு கரையேறி வந்து இரண்டு கையையும் ஏந்தினார்.

"முழுகியாச்சு. இப்போ குடு."

ரங்கம்மாள் இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். நீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டே தின்றார்கள். ஆதிகேசவன் மட்டும் தொடாமல் நடையைக் கட்டினான். அதன்பிறகு பல வருஷம் அவன் வீட்டார் பவுனம்மாள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவளும் அதற்காக யாரிடமும் போய் நின்றதில்லை.

சண்டை முடிந்து கைதிகளை விட்டபோது துரைசானியின் புருஷன் வந்தார். தாடியும் கிழிந்த சட்டையுமாக அடையாளமே தெரியவில்லை. பவுனம்மாள்தான் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். அவருக்குத் தமிழ் அரைகுறை.

"அடக்கத்துக்கு யார் வந்தது?" என்று கேட்டார்.

அவள் மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பொன்னுரங்கம், ரங்கம்மாள், நீலமேகம், தசரதன், கோவிந்தம்மா, கைக்குழந்தையோடு வந்த திரௌபதி. பெயர்கள் முடியும்வரை அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முடிந்ததும், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.