கார்க் கதவுக்குள் கிடந்த வேண்டுதல்

வீரராகவப் பெருமாள் சன்னதிக்கு வரும் என் சகோதரிகளுக்கு இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

போன மார்கழி முழுவதும் எனக்குச் சரியான தூக்கமில்லை. தை முடிவதற்குள் எங்கள் காரை விற்றாக வேண்டும். விற்காவிட்டால் மாசியில் என் வீட்டுக்காரர் அதை மறுபடியும் சோழவரம் பந்தயத்தில் ஓட்டுவார்.

அவர் கும்மிடிப்பூண்டியில் மெக்கானிக். தன் நாட்டுக்கே திரும்பிப் போன ஒரு ஜப்பான்காரரிடம் வாங்கிய, இரண்டு பேர் உட்காரும் சிவப்புக் கார் அது. இரண்டு கார்புரேட்டர் வைத்து, உயரத்தைக் குறைத்து, பந்தயத்துக்கென்றே மாற்றியிருந்தார். வாரம் தவறாமல் குளிப்பாட்டுவார். எங்கள் எட்டு மாதப் பெண்ணையும் அப்படித்தான், காதுமடல் வரை துடைத்துவிடுவார். அவர் மேல் கோபப்பட எனக்கு வராது. ஆனால் அதற்கு முந்தின மாசிப் பந்தயத்தில் கார் சறுக்கி அவர் தோள் எலும்பு முறிந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி.

"ஷெட்ல அது நிக்கிற வரைக்கும் என்னால சும்மா இருக்க முடியாது கமலா. தைக்குள்ள வித்துட்டா சரி" என்றார்.

பொன்னேரியிலிருந்து ஒருவர் வந்து ஓட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ உருள்கிறது என்று போய்விட்டார். அடுத்து வந்த கடம்பத்தூர் காண்டிராக்டர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, வண்டிக்குச் சலங்கை கட்டி வுட்டுக்கீறியா?"

என் வீட்டுக்காரர் மூன்று நாள் சக்கரம், கியர் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "என் கை போயிடுச்சு போலக்கீது" என்றார். அதைக் கேட்டு அடுப்படியில் அழுதேன்.

தை அமாவாசையன்று திருவள்ளூர் போய், பெருமாள் கோயில் குளத்தில் வழக்கப்படி வெல்லம் கரைத்து வேண்டிக்கொண்டேன். வழி காட்டு என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. கரையேறும்போதுதான் சட்டென்று நினைவு வந்தது. போன பந்தயத்துக்கு முன், அவர் நல்லபடி திரும்ப வேண்டுமென்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, கதவுக் கண்ணாடி இடுக்கில் போட்டிருந்தேன். அவர் திரும்பினார், ஆனால் எலும்பு முறிந்து. இதை நல்லபடி என்று எடுத்துக்கொண்டு வேண்டுதலைச் செலுத்துவதா, வேண்டாமா என்று குழம்பியே விட்டுவிட்டேன். வாராவாரம் தண்ணீர் பட்டதில் துணி இற்றுப்போய், அந்த ரூபாய்தான் உள்ளே உருள்கிறது போலும்.

அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை என்றல்லவா ஆகும்?

மறுநாள் ஒரு தொழிற்சாலை எஞ்சினியர் மனைவியோடு வந்தார். ஓட்டிவிட்டு இறங்கியவர் நெற்றியைச் சுருக்கினார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வெளியே போனேன்.

"ஏங்க, அந்தக் கதவைக் கழட்டுங்க. நான்தாங்க போட்டேன்."

உள்பலகையைக் கழற்றியதும் ரூபாய் விழுந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினியர் மனைவிதான் முதலில் சிரித்தார்.

"நான் இவரு ஸ்கூட்டர் டப்பால எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன். இவருக்குத் தெரியாது."

"இப்ப தெரிஞ்சுபோச்சு" என்றார் எஞ்சினியர்.

இன்னொரு முறை ஓட்டினார். சத்தமில்லை. பந்தயமெல்லாம் வேண்டாம், வேலைக்கும் திருத்தணிக்கும் போய்வந்தால் போதும், ரோட்டுக்குத் தக்கபடி உயர்த்திக் கொடுங்கள் என்றார். அங்கேயே பேச்சு முடிந்தது.

கார் போன அன்று என் வீட்டுக்காரர் காலி ஷெட்டில் நின்றார். "இவ்ளோ பயத்த வெச்சிக்கினு ஒரு வருசமா சோறு போட்டுக்கினு இருந்தியா? எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மூவருமாகப் போய் வேண்டுதலைச் செலுத்தினோம்.

மாசியில் பந்தய நாள் வந்தது. அவர் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் இன்னும் பயப்படுகிறவள்தான். ஆனால் இப்போது பயத்தை அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

சகோதரிகளே, பெருமாளிடம் தயங்காமல் அழுங்கள். அவர் நிச்சயம் வழி காட்டுவார். வீட்டில் இருப்பவரிடம் வாய் திறந்து பேசு என்பதே அந்த வழியாக இருந்தால், பேசிவிடுங்கள்.