கைலியும் குவளையுமாக வந்த அக்கா

பாச்சாங்கில் முதுகெலும்புச் சிகிச்சைக்காக நான் கடை திறந்த புதிதில், பள்ளிக் கேண்டீனில் சமைக்கும் ஓர் அக்கா பெரிய பையோடு வந்தார். அதில் கைலி, துண்டு, தட்டு, குவளை எல்லாம் இருந்தன.

"எங்க படுக்கணும், தம்பி?"

வார்டில் சேர்ந்தால்தான் மெடிக்கல் கார்டு செல்லும் என்று இன்சூரன்ஸ் ஏஜெண்டு சொல்லியிருந்தாராம். அதனால் தங்கத் தயாராக வந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டில், வெறும் காய்ச்சலுக்குக் கிளினிக் போனாலும் என் அம்மா இப்படித்தான் பை கட்டுவார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் என்ற பயம்தான். ஆனால் எஸ்டேட் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முதலில் கேட்பது, எங்கே வலிக்கிறது என்றுதான்; கார்டு இருக்கிறதா என்றல்ல.

"இங்க வார்டு இல்லக்கா. அந்தக் கார்டும் செல்லாது."

"நடந்து வந்தா குடுக்க மாட்டான், விழுந்தாத்தான் குடுப்பானா? நல்ல கார்டுலா!" பையைத் தூக்கக் குனிந்தவர் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டார்.

இப்போது விட்டால் திரும்பி வரமாட்டார். முதுகு முற்றிலும் கெட்டால்தான் கார்டு கண் திறக்கும். அதற்குள் வேலை போய்விடும்.

"காசு அப்புறம் பாக்கலாம், படுங்கக்கா."

சிகிச்சை முடிந்ததும், வேலைக்கு லீவு எடுக்க எம்.சி. சான்றிதழ் கேட்டார். எனக்கு அதைக் கொடுக்க அனுமதியில்லை என்றேன்.

"அப்ப அண்டா தூக்குறது யாரு, நீயா?"

அவர் கைப்பேசியிலேயே கேண்டீன் முதலாளியை அழைத்து, அக்காவை ஒரு வாரம் பாரம் தூக்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

"நீங்க யாரு?"

"தம்பி" என்றேன்.

"சரி, காய் மட்டும் நறுக்கச் சொல்லு" என்றார் அவர்.