பாலத்து ரொட்டியும் மிஸ்டர் ஹெஸ்கெத்தும்

மிஸ்டர் அம்ப்ரோஸ் ஹெஸ்கெத் நின்றுகொண்டுதான் எழுதுவார். பாதிரியார்கள் பிரசங்கத்துக்கு வைத்துக்கொள்வதைப் போல உயரமான சாய்வு மேசை ஒன்று அவருடைய அறையில் ஜன்னலோரம் இருந்தது. காலை முழுவதும் அதன் முன் நிற்பார். சாப்பாட்டு மணி அடித்தால்தான் உட்காருவார். சாப்பிட்டு முடித்ததும், மழையோ பனியோ, ஆற்றங்கரை வழியே நடந்துவிட்டு வருவார். வழியில் பலர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்கள். அவர் எல்லோருக்கும் பதில் வணக்கம் சொல்வார். கசாப்புக் கடைக்காரரின் நாய்க்கும் சொல்வார் என்று எங்கள் ஊர் ஆர்ன்ஃபோர்டில் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை.

அவர் துணி வியாபாரியின் மகன். சில வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். அதை விட்டுவிட்டு இங்கிலாந்து மக்களின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார். அவருடைய புத்தகத்தில் ராஜாக்கள் கொஞ்ச நேரம் வந்து போவார்கள். நெசவாளிகளும் படகோட்டிகளும் ஊர்ச் சபையில் சண்டை போடுகிறவர்களும்தான் நிறைய. ஒரு ஷில்லிங் விலையில் அது வெளிவந்தபோது ரயில் நிலையக் கடைகளில்கூட விற்றது. கல்லூரிக்காரர்கள் அதை ரயிலில் படிக்கிற புத்தகம் என்றே சொன்னார்கள். எந்தக் கல்லூரியும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

லிபரல் கட்சி வேட்பாளராக இரண்டு தேர்தலில் நின்றார். இரண்டிலும் தோற்றார், இரண்டாவதில் இன்னும் மோசமாக. அதைப் பற்றித் தோட்டக்காரர் டென்ச்சிடம் ஒருநாள் கேட்டார்.

"டென்ச், என் புத்தகம் உமக்குப் பிடிக்கும். அப்புறம் ஏன்யா எனக்கு ஓட்டுப் போடலை?"

"புத்தகத்தைத் தேர்தல்ல நிறுத்தியிருந்தா போட்டிருப்பேன் சார். நீங்க இல்ல நின்னீங்க."

மிஸ்டர் ஹெஸ்கெத் வாய்விட்டுச் சிரித்தார். இதைப் பிறகு மேடைகளிலும் சொன்னார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூத்த சகோதரி மிஸ் லெட்டிஸ் வீட்டைப் பார்த்துக்கொண்டார், தம்பியின் கையெழுத்தைத் தட்டச்சும் செய்து கொடுத்தார். சமையலுக்கு மிஸஸ் டோவி, தோட்டத்துக்கு டென்ச், மற்ற வேலைகளுக்கு நான். என் பெயர் வினி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள். அந்த வீட்டில் மிகக் குறைவாகப் பேசியது நான்தான் என்பதால் எல்லோரும் என் முன்னால் எல்லாவற்றையும் பேசினார்கள்.

மிஸ்டர் ஹெஸ்கெத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வாரம் எழுதியதைச் சனிக்கிழமை பிற்பகல் சமையலறைக்குக் கொண்டுவந்து எங்களுக்குப் படித்துக் காட்டுவார். யாராவது கொட்டாவி விட்டால் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்.

"காலேஜ்காரங்க கொட்டாவியை மரியாதைக்காக மறைச்சுப்பாங்க. உங்ககிட்ட அந்தக் கெட்ட பழக்கம் கிடையாது" என்பார்.

"இவ்வளவு நல்ல பேப்பரை இப்படிப் பாழாக்கறீங்களே சார்" என்பார் மிஸஸ் டோவி. ஆனால் கொட்டாவியை நிறுத்தமாட்டார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அவர் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ராஜாவின் படை எங்கள் ஊர்ப் பாலத்தின் ஒரு முனையிலும் பாராளுமன்றத்தின் படை மறுமுனையிலும் நின்றிருக்கிறது. மூன்று நாள் இரண்டு பக்கமும் நகரவில்லை. நாலாம் நாள் வேறு எங்கோ போகச் சொல்லி உத்தரவு வர, சண்டையே போடாமல் பிரிந்துவிட்டார்கள். இதை அவர் படித்து முடித்ததும் மிஸஸ் டோவி உருளைக்கிழங்குத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டுக் கேட்டார்.

"மூணு நாளா அங்கேயே நின்னாங்களா? அப்ப என்னத்தைச் சாப்பிட்டாங்க?"

"அது எங்கேயும் எழுதியில்லை மிஸஸ் டோவி."

"எழுதலைன்னா பட்டினியா கிடந்தாங்களா? ஊர்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?"

அடுத்த சனிக்கிழமை அவர் புதுப் பக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஊர்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து ரொட்டி சுடுகிறார்கள். கூடைகளில் எடுத்துக்கொண்டு பாலத்தின் நடுவுக்குப் போகிறார்கள். ராஜாவின் ஆட்களுக்குப் பாதி, பாராளுமன்றத்து ஆட்களுக்குப் பாதி. நீ எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை. படித்து முடித்தபோது மிஸஸ் டோவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டென்ச் மூக்கைச் சிந்தினார்.

மிஸ் லெட்டிஸ் மட்டும், "அம்ப்ரோஸ், இது எதுல இருந்து?" என்று கேட்டார்.

"எங்கேயாவது இருக்கும் லெட்டிஸ். தேடித் தரேன்."

தேட நினைத்துத்தான் சொன்னார். அப்புறம் புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது.

அந்தத் தடித்த புத்தகத்தில் ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு பக்கம்தான். தேவாலயங்களில் அதைப் படித்தார்கள். பாராளுமன்றத்தில் யாரோ எடுத்துச் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. பள்ளிப் பாடத்திலும் சேர்த்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் அடிப்படையில் எப்படிப்பட்டவர்கள் என்று மிஸ்டர் ஹெஸ்கெத் வாழ்நாள் முழுவதும் சொல்ல நினைத்தது அந்தக் கூடைகளுக்குள் அடங்கியிருந்தது.

பிறகு பெரிய போர் வந்தது. ஆர்ன்ஃபோர்டிலிருந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. போர் முடிந்த அடுத்த வருஷம் பெண்கள் சங்கத்தில் கூடி ஒரு முடிவு செய்தார்கள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திங்களன்று வெள்ளைத் தொப்பி அணிந்து, கூடையில் ரொட்டி எடுத்துக்கொண்டு பாலத்தின் நடுவரைக்கும் நடப்பது. அங்கே கூடி நிற்கிறவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது. முதல் கூடையை எடுத்துப் போனவர் ரொட்டிக்கடை மிஸஸ் ஓக்லி. இரண்டு பிள்ளைகளைப் போரில் கொடுத்தவர். அந்த வருஷம் மிஸ்டர் ஹெஸ்கெத் பேச வந்தார், அழுகையில் பேச முடியாமல் போனார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அவர்தான் பாலத்தில் பேசுவார்.

நான் சொல்ல வந்தது இதற்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் பிந்திய ஒரு ஏப்ரல் மாதத்தில் நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஐவர் பெலாமி என்பவர் தேநீருக்கு வந்தார். ஒல்லியானவர், இளைஞர். உட்காருவதற்கு முன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டார். சின்ன வயதில் மிஸ்டர் ஹெஸ்கெத்தின் புத்தகத்தைப் படித்துத்தான் வரலாறு படிக்க வந்ததாகச் சொன்னார். முகஸ்துதியாகத் தெரியவில்லை.

நான் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். "சார், பாலத்து ரொட்டிக்கு ஆதாரம் எங்க கிடைச்சுது உங்களுக்கு? நான் அந்த மூணு நாளைப் பத்தித்தான் எழுதறேன். எவ்வளவோ தேடிட்டேன்."

"நீங்க என்ன பார்த்தீங்க?" என்றார் மிஸ்டர் ஹெஸ்கெத்.

"ரெண்டு படைக்கும் அவங்கவங்க வண்டியிலதான் சாப்பாடு வந்திருக்கு. தளபதிங்க எழுதின கடிதமே இருக்கு. ஊர்ல பொம்பளைங்களே இல்லை சார். முதல் நாளே குழந்தைங்களைத் தூக்கிட்டு மலைப்பக்கம் போயிட்டாங்க. சிப்பாய்ங்களுக்குப் பயந்து."

மிஸ்டர் ஹெஸ்கெத் கோப்பையைக் கீழே வைத்தார். "பயந்துதான் போயிருப்பாங்க. யாரா இருந்தாலும் போயிருப்பாங்க" என்றார். பிறகு, "ஆதாரம் இல்லை, டாக்டர் பெலாமி. நானா எழுதினதுதான்" என்றார்.

அந்த இளைஞருக்குத்தான் முகம் சிவந்தது. "இலையுதிர் காலத்துல என் கட்டுரை வருது. அதுக்கு முன்னாடி நீங்களே..."

"நானே சொல்லிடறேன். கேக் எடுத்துக்குங்க. மிஸஸ் டோவி அப்புறம் கோவிச்சுப்பாங்க."

அவர் போன பிறகு மிஸ் லெட்டிஸ் கதவைச் சாத்தக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார்.

"அடிக்குறிப்பா போட்டுடு. அடுத்த பதிப்புல சின்ன எழுத்துல. யார் படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னா அதுக்குப் பேர் சொல்றதா லெட்டிஸ்?"

"நீ எழுதினது மொத்தமும் கட்டுக்கதைன்னு சொல்வாங்க. இதுக்காகவே காத்துட்டிருக்காங்க அந்தக் காலேஜ்காரங்க. இத்தனை வருஷத்துப் பேரு, அம்ப்ரோஸ். உனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"உண்மையைச் சொன்னா ஜனங்க தாங்கிப்பாங்கன்னு இத்தனை வருஷமா எழுதிட்டு, இப்ப என் முறை வந்தா சின்ன எழுத்தா?"

"அந்த ஓக்லி அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லிடுவியா?"

மறுநாள் அவர் நடக்கப் போகவில்லை.

பெந்தெகொஸ்தே திங்களன்று நல்ல வெயில். பாலத்தில் கூட்டம் நிறைய. மிஸ்டர் ஹெஸ்கெத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். எப்போதும் சொல்லும் நகைச்சுவை அன்று எதுவும் இல்லை. இந்தப் பாலத்துக்கு அன்று எந்தப் பெண்ணும் ரொட்டி கொண்டுவரவில்லை, அது தன் வீட்டுச் சமையலறையில் எழுந்த ஒரு கேள்விக்குத் தானே எழுதிய பதில், ஆதாரம் தேடுவதாகச் சொல்லித் தேடாமல் விட்டது தன் தவறு, மன்னிக்க வேண்டும் என்றார். நீங்கள் இந்தப் பன்னிரண்டு வருஷமாகக் கொண்டுவந்த ரொட்டிதான் உண்மை, அதற்கு முந்தியது இல்லை என்றும் சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. கடைசி வரிசைவரை கேட்டது.

யாரும் கைதட்டவில்லை. முன்னால் நின்ற மிஸஸ் ஓக்லி கூடையைக் கீழே வைத்தார்.

"எங்க மாமியார் வீட்டுல தலைமுறை தலைமுறையா சொல்ற கதை சார் இது. அவங்க வீட்டுக் கூடையும் அதுல போயிருக்கு."

"இல்லை, மிஸஸ் ஓக்லி. என் புத்தகம் வர்றதுக்கு முன்னாடி யாரும் இதைச் சொன்னதில்லை."

"உங்களுக்கு ஞாபகம் இல்லை சார், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மாள் அன்பாக. பின்னால் திரும்பி, "யாராவது நாற்காலி கொண்டாங்கப்பா. வெயில் தாங்கலை அவருக்கு" என்று குரல் கொடுத்தார்.

நாற்காலி வந்தது. நான்கு கைகள் அவரைப் பிடித்து உட்காரவைத்தன. "எனக்கு ஒண்ணுமில்லை, நான் சொன்னது..." என்று எழுந்திருக்கப் பார்த்தார். "சரி சார், சரி" என்றார்கள். பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காலையில் பாதிரியாரின் மனைவி ஒரு பானை சூப் அனுப்பினார். அதன் பிறகு யார் யாரோ அனுப்பினார்கள். கூப்பிடாமலே டாக்டர் ப்ராஸர் வந்து நாடி பார்த்தார், இன்று என்ன கிழமை என்று கேட்டார், போகும்போது கூடத்தில் என்னிடம், "கொஞ்ச நாள் பேனா பக்கம் விடாதே" என்றார். தெருவில் அவருக்கு வணக்கம் சொன்னவர்கள் இப்போது கொஞ்சம் சத்தமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்கள்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் கேட்டார். "லெட்டிஸ், எனக்குப் புத்தி தடுமாறியிருக்கா? மறைக்காம சொல்லு."

"பைத்தியமா உனக்கு? அந்தப் பக்கத்தை எழுதினப்பதான் தடுமாறியிருந்தது. பட்டாணியைச் சாப்பிடு."

டாக்டர் பெலாமியின் கட்டுரை இலையுதிர் காலத்தில் வந்தது. பாலத்து ரொட்டிப் பக்கத்தை அதன் ஆசிரியரே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று மரியாதையாக ஒரு வரி எழுதியிருந்தார். லண்டன் பத்திரிகை ஒன்று, திரு. ஹெஸ்கெத் நாவல் எழுதியிருக்கலாம் என்றது. மிஸ் லெட்டிஸ் பயந்தது நடந்தது, ஆனால் எங்கள் ஊருக்கு அந்தப் பத்திரிகை அதிகம் வராது. அந்தப் பக்கத்தை நீக்கிய புதுப் பதிப்பும் வந்தது. வாங்கியவர்கள் அதைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தைத் தைக்கும்போது ஒரு தாள் விட்டுப்போயிருக்கிறது என்று சண்டை போட்டார்கள். புத்தகக் கடைக்காரர் ஸ்டாப்ஸ் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பழைய பதிப்பைக் கொடுத்து அனுப்பினார்.

மிஸ்டர் ஹெஸ்கெத் விடவில்லை. நடக்கப் போகும்போது எதிரில் வருகிறவரை நிறுத்திச் சொல்வார். பால்காரரிடம் சொன்னார், தபால்காரரிடம் சொன்னார். பொறுமையாக, கோபமில்லாமல், முதலிலிருந்து. அவர்களும் பொறுமையாகக் கேட்டார்கள். அடுத்த பெந்தெகொஸ்தேவுக்கு அவரைப் பேசக் கூப்பிடவில்லை, தொந்தரவு தரக்கூடாது என்று. அன்று கூட்டத்தோடு நின்று ரொட்டி வாங்கிக்கொண்டார். கொடுத்த பெண்ணிடமும் சொன்னார். அவள், "ஆமாம் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

அந்த வருஷக் குளிரில் மார்ச்சளி பிடித்து இறந்துபோனார். சவ ஊர்வலத்தன்று கடைகளை அடைத்தார்கள். ராஜா செத்தபோதுகூட ஆர்ன்ஃபோர்டில் அப்படி அடைத்ததில்லை என்று டென்ச் சொன்னார்.

கல்லறைக் கல்லில் ரொட்டிக் கூடை செதுக்க வேண்டும் என்று நகரசபை கேட்டது. மிஸ் லெட்டிஸ் முடியாது என்றுவிட்டார். "பேரும் வருஷமும் போதும்." ஆகவே அவர்கள் பாலத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். அவருடைய பெயரும், அவரால் உலகம் அறிந்த ஆர்ன்ஃபோர்டுப் பெண்களின் ரொட்டியும் அதில் இருந்தன. திறந்து வைக்க மிஸ் லெட்டிஸ் போகத்தான் வேண்டியிருந்தது. நான் கூடப் போனேன்.

மிஸஸ் ஓக்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில பாவம் ரொம்ப கஷ்டப்பட்டார். தான் எழுதினதையே மறந்துட்டார்" என்றார்.

"அவன் எதையும் மறக்கலை" என்றார் மிஸ் லெட்டிஸ். சத்தமாகவே சொன்னார். "அது நடக்கவே இல்லை. இந்தத் தகட்டுல இருக்கறது பொய்."

பாதிரியார் தன் காலணியைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் வந்து மெதுவாக மிஸ் லெட்டிஸின் முழங்கையைப் பிடித்தாள். "காத்து சில்லுன்னு அடிக்குது மிஸ் ஹெஸ்கெத். உள்ள போய்ச் சூடா ஏதாவது குடிக்கலாம், வாங்க."

அவர் கையை விடுவித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். வாசலில் காலணியின் சேற்றைத் தட்டும்போதுதான் பேசினார்.

"ஒரு தடவை சொன்னதுக்கே எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது வினி. அவன் ஒன்றரை வருஷம் சொல்லிட்டிருந்தான்."