வரிசை நடவும் என் மகளின் வலது கண்ணும்

1. பூப்பந்து

போன் வந்தபோது திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு வரப்பில் நின்று வரிசை நடவின் நன்மைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் டீ கொண்டுவந்தவர். உதவி வேளாண்மை அலுவலராக இத்தனை வருடம் நான் பார்த்த வேலையே அதுதான். கயிறு பிடித்து நேராக நடுங்கள் என்று, தாறுமாறாக நட்டு முடித்தவர்களிடம் போய்ச் சொல்வது.

போனில் என் மகள் யாழினியின் கல்லூரித் தோழி. "அங்கிள், பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தாள். இப்படி ஆரம்பித்தவர் யாரும் எனக்கு நல்ல செய்தி சொன்னதில்லை. மைதானத்தில் ஆடும்போது யாழினியின் வலது கண்ணில் பூப்பந்து பட்டுவிட்டதாம். பூப்பந்து! பெயர் வைத்த மகராசன் யாரோ, அவர் கண்ணில் அது பட்டிருக்காது.

சில நாளில் வீக்கம் வடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண் பழையபடிதான் இருந்தது. யாழினிதான் கதவு நிலையைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நடுவுல இடுப்பு ஒடுங்கின மாதிரி தெரியுது" என்றாள். என்னைப் பார்த்தால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையாம்.

தஞ்சாவூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையில் விழித்திரையின் வெட்டுத் தோற்றத்தைக் காட்டினார். மண் அடுக்கு போல வரி வரியாக இருந்தது. நட்டநடுவில் வரப்பு உடைந்தது போல ஓர் இடைவெளி.

"இதுக்குப் பேரு மேக்குலர் ஹோல். படிக்கிறது, முகம் பாக்குறது எல்லாம் இந்த நடு இடத்தாலதான். இந்த வயசுல சில பேருக்குத் தானாவே மூடிக்கும். கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

பொறுத்தோம். மூடவில்லை.

"ஆபரேஷன் பண்ணிடலாம் சார். ஓட்டை மூடும்னு நம்பலாம். பார்வை எவ்வளவு திரும்ப வரும்னு இப்பவே சொல்ல முடியாது. வந்தாலும் மெதுவாத்தான் வரும்."

மகசூல் பற்றிக் கேட்கும் விவசாயிகளுக்கு நான் சொல்லும் பதிலும் ஏறக்குறைய இதேதான். அது எவ்வளவு கொடுமையான பதில் என்பது, கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

2. நீர்மட்டம்

ஆபரேஷன் முடிந்து கண்ணுக்குள் வாயு நிரப்பி அனுப்பினார்கள். அந்த வாயுக்குமிழ் எழும்பிப் போய் ஓட்டை மேல் அழுத்த வேண்டும். அதற்கு முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குனிந்தபடிதான். என் மனைவி செல்வி கட்டிலுக்குக் கீழே தட்டை வைத்து ஸ்பூனால் ஊட்டினாள்.

விஷயம் கேள்விப்பட்டு வேதாரண்யத்திலிருந்து என் அக்கா வந்தாள். ஒரு பை நிறைய நந்தியாவட்டைப் பூ. கண்ணில் ஒற்றினால் குளிர்ச்சியாம். பையை வாங்கி ஒளித்துவைத்தேன்.

"ஏண்டா தம்பி, ஓட்டைன்னா ரெண்டு தையல் போட்டு விட வேண்டியதுதானே? இதுக்குப் போயி உள்ள காத்தடிச்சு வச்சிருக்கானுவ? இது கண்ணா, சைக்கிள் டியூபா?"

"அக்கா, சத்தம் போடாதே."

"சரி, எங்க, நிமிர்ந்து அத்தைய பாரு கண்ணு."

"நிமிரக் கூடாது அத்தை" என்றாள் யாழினி, தலையணைக்குள்ளிருந்து. "உங்க கால் மட்டும் தெரியுது. கொலுசு புதுசா?"

அக்கா காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் குழந்தை முதன்முதலாகக் குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்வார்கள். யாழினி விடவில்லை. "காலேஜ் போற வயசுல குப்புற விழுந்திருக்கேன். கொழுக்கட்டை கிடையாதா?" அக்கா சிரித்தாள், சிரித்த வாயோடு அழுதாள். பிறகு போய் மாவு பிசைந்தாள்.

போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஓர் அறிவுரை. "ஆபரேஷன்னு வெளில மூச்சு விடாதீங்க. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. மெட்ராஸ் ஐன்னு சொல்லிக்குங்க." செல்வி அப்படியே சொன்னாள். அந்தப் பொய்யால் ஒரு நன்மை விளைந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தெருவில் ஒருவரும் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை.

முதலில் அந்தக் கண்ணுக்குக் கையசைப்பது மட்டும் தெரிந்தது. பிறகு மேலிருந்து தெளியத் தொடங்கியது. குமிழின் விளிம்பு கண்ணுக்குள் நீர்மட்டம் போல ஆடுமாம். நாளாக ஆக அது கீழே இறங்கியது. காலையில் பேப்பரில் மேட்டூர் அணை நிலவரம் பார்ப்பது என் பழக்கம். அதைப் பார்த்த கையோடு யாழினியிடமும் நிலவரம் கேட்பேன்.

"இன்னிக்குப் பாதிக்கும் கீழ போயிடுச்சுப்பா."

டெல்டாவில் நீர்மட்டம் இறங்கியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே விவசாயத் துறை ஊழியன் நானாகத்தான் இருப்பேன்.

குமிழ் கரைந்ததும் டாக்டர் ஸ்கேன் பார்த்தார். "ஓட்டை மூடியிருக்கு. கோடெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் நெளிஞ்சுதான் தெரியும். மாசக்கணக்குல மெல்ல மெல்ல சரியாகும். தினமும் டெஸ்ட் வச்சுப் பிள்ளையப் படுத்தாதீங்க."

தினமும் டெஸ்ட் வைத்தேன். காலண்டர், பஸ் போர்டு, உர மூட்டை, எதையும் விடவில்லை. இடது கண்ணை மூடு, இதைப் படி, அந்தக் கம்பி நேராக இருக்கிறதா, இந்தக் கம்பி? ஒருநாள் யாழினி பொறுமை இழந்தாள்.

"நான் என்னப்பா, கொள்முதல் நிலையத்துக்கு வந்த நெல்லா? எந்நேரமும் ஈரப்பதம் பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

3. செயல்விளக்கத் திடல்

என் மேலதிகாரியான ஏ.டி. என்கிற உதவி இயக்குநர் நல்ல மனிதர். ஒரே மூச்சில் இரண்டு விஷயம் பேசக்கூடியவர். "பொண்ணு கண்ணு எப்படி சார் இருக்கு, நல்லது நல்லது, நாளைக்கு ஜே.டி. வர்றாரு, டெமோ ப்ளாட் ரெடிதானே?"

டெமோ ப்ளாட் என்பது இயந்திர நடவைக் காட்டுவதற்காக ஒரு விவசாயியின் வயலில் நாங்கள் அமைத்த மாதிரித் திடல். யாழினியோடு நான் தஞ்சாவூர் போயிருந்த நாளில் நடவு மெஷின் ஓட்டும் குமார் அதை நட்டு முடித்திருந்தான்.

மறுநாள் ஜே.டி. என்கிற இணை இயக்குநர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கினார். பலகையைப் படித்தார். 'வரிசை நடவு – செயல்விளக்கத் திடல்.' தலையைத் தூக்கி வயலைப் பார்த்தார்.

"லைன் பிரமாதம்யா. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"ஸ்கேலேதான் சார்" என்றார் ஏ.டி.

நானும் பார்த்தேன். ஸ்கேல்தான். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. டெஸ்ட் வைப்பதற்கு இதைவிட நேரான கோடு ஊரில் எது? யாழினியை பைக்கில் உட்காரவைத்து வயலுக்குக் கூட்டிப்போனேன். பலகை அருகே நிறுத்தினேன்.

"வலது கண்ணால பாரும்மா. நேரா இருக்கா?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்லப்பா. போர் செட்டு தாண்டினதும் இடது பக்கமா வளைஞ்சு போவுது."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாக்குறேன். வளைஞ்சுதான் இருக்கு. அப்பா, ஒரு நிமிஷம்..."

ஒரு நிமிஷமெல்லாம் என்னிடம் இல்லை. ஓட்டை மறுபடி திறந்துகொண்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய் செல்வியையும் அழவைத்து, ஒரு காரைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு விரட்டினேன். வழியெல்லாம் யாழினி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாம இரும்மா, கண்ணுக்கு ஸ்ட்ரெயின் ஆகும்" என்று அடக்கினேன். பேசுவதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செல்வி அவள் கையை விடவே இல்லை. இன்னொரு ஆபரேஷன், இன்னொரு குமிழ், அதற்குப் பிறகும் வராவிட்டால்? கார் ஜன்னலில் தெரிந்த ஒவ்வொரு மின்கம்பமும் என் கண்ணுக்கே வளைந்து தெரிந்தது.

விடுமுறை நாளிலும் எங்களுக்காக வந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார். "மூடினது மூடினபடியே இருக்கே சார்." கட்டம் போட்ட தாளைக் காட்டினார். யாழினி வலது கண்ணால் பார்த்து, "ஒரே ஒரு இடத்துல லேசா நெளியுது டாக்டர். மத்ததெல்லாம் நேர்" என்றாள்.

"அப்ப எதைப் பாத்து வளைஞ்சிருக்குன்னு சொன்னா?"

"நடவு வரிசைங்க மேடம்" என்றேன்.

"அடிபடாத கண்ணால பாத்தாளா?"

அந்த ஒரு டெஸ்டை மட்டும் நான் வைக்கவில்லை. யாழினிதான் சொன்னாள். "ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டேன் டாக்டர். ரெண்டுலயும் கோணல்தான். அதைத்தான் சொல்ல வந்தேன். அப்பா அதுக்குள்ள வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்தார். "கண்ணுல ரிப்பேர் இல்ல சார். போயி வயலைப் பாருங்க."

4. கயிறு

மறுநாள் காலை நடவுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். குமாரை வரச்சொல்லி ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு இழுத்துக் கட்டினோம். போர் செட்டு வரை பயிர் கயிற்றோடு ஒட்டி வந்தது. அதற்கப்பால், வீதி முனையில் தேர் திரும்புவது போல நிதானமாக இடது பக்கம் திரும்பிப் போனது.

குமார் தலையைச் சொறிந்தான். "போன் வந்துச்சு சார். ஒரு கையால பிடிச்சதுல மெஷின் கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. மேல சொல்லிடாதீங்க."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பா" என்றேன். அவன் பயந்து பின்வாங்கினான். "சார், திட்டிடுங்க சார். நீங்க இப்படிப் பேசுறதுதான் கஷ்டமா இருக்கு."

யாழினிக்கு இப்போது சின்ன எழுத்தும் படிக்க வருகிறது. சில நேரம் வார்த்தையின் நடுவில் ஓர் எழுத்து துள்ளும். அது அப்படியே நின்றுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் டெஸ்ட் வைப்பதை நிறுத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நேற்றுக்கூட ஒரு மாத்திரை அட்டையை நீட்டிவிட்டேன்.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஜே.டி. வந்த அன்று வரப்பில் நின்ற நாங்கள் மூன்று பேரும் பலகையைத்தான் படித்தோம். 'வரிசை' என்று அதில் எழுதியிருந்ததால் வயலும் வரிசையாகிவிட்டது. நாளை உங்களிடமும் யாராவது வந்து, "கோணலா இருக்கு சார்" என்பார்கள். சொன்னவரின் கண்ணைச் சோதிக்கப் போகாதீர்கள், வயலில் இறங்குங்கள். நான் என் மகளைத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த வயலை ஒழுங்காகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.