தலை கடிபட்ட ஆணி

அக்காவின் தையல் மெஷினில், ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைப் பிடித்து வைத்திருக்கும் சின்னத் திருகாணி ஒன்று உண்டு. அதன் தலையைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் முகம் சுருங்கும். திருப்புவதற்காக வெட்டிய கோடு இரண்டு பக்கமும் சிதைந்து, எலி கடித்த தேங்காய்ச் சொட்டு மாதிரிக் கிடக்கிறது. இப்படியோர் ஆணி என் மேசைக்கு வந்திருந்தால் எங்கள் முதலாளி, "இது எந்தக் கசாப்புக்காரனின் வேலை?" என்று பட்டறை அதிரக் கத்தியிருப்பார்.

தொண்ணூறுகளில், ஊரைவிட்டு வந்து சேர்ந்த இந்தப் பிரெஞ்சு பேசும் நகரத்தில், செயின்ட்-மிஷேல் பகுதியில் அந்தப் பட்டறையில் வேலை செய்தேன். முதலாளியைப் பிரெஞ்சில் 'பத்ரோன்' என்றுதான் கூப்பிடுவோம். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சிரிப்பு. பழைய மாதிரி ரிவோல்வர்களுக்கு வேண்டிய பாகங்களும் கருவிகளும் செய்வது எங்கள் தொழில். ஒவ்வொரு தரம் சுடவும், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய வகை அது. சனி ஞாயிறுகளில் கௌபோய்த் தொப்பி போட்டுக்கொண்டு இரும்புத் தட்டுகளைச் சுடும் மனிதர்கள்தான் வாடிக்கையாளர்கள். கம்பெனி போட்டனுப்பும் ஸ்பிரிங் அவர்களுக்கு இறுக்கம். நாங்கள் மெல்லிய ஸ்பிரிங் வளைத்து, உள்ளே உரசும் இடங்களைக் கல்லில் தேய்த்துக் கொடுப்போம். சரியாகத் தேய்த்திருந்தால் சுத்தியல் நாலு தரம் 'கிளிக்' என்று வழுக்கிக்கொண்டு ஏறி நிற்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் பிடிக்கும்.

அப்போது நான் இருந்தது அக்காவோடும் அவவின் மகளோடும். அத்தானை ஊரில் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டுச் சுட்டார்கள். யார் என்று நாங்கள் கதைப்பதில்லை. கைத்துவக்கு என்பது மட்டும் தெரியும். அந்த வீட்டில் போய் என் வேலையை எப்படிச் சொல்ல? "ஸ்பிரிங் செய்யிற இடம் அக்கா" என்றேன். கட்டிலுக்கும் கதிரைக்கும் போடும் ஸ்பிரிங் என்று அவ எடுத்துக்கொண்டா. நான் திருத்தவில்லை.

அக்கா வீட்டிலிருந்தே, உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் வேலைக்குத் தைத்தா. நூல் தூசு அடைத்துவிடும். அடிக்கடி தகட்டைக் கழற்ற வேண்டும். கடையில் வாங்கிய ஸ்குரூ டிரைவர் வழுக்குகிறது என்று புறுபுறுத்துக்கொண்டே இருப்பா. ஒருநாள் பட்டறையில் செய்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். கடைச் சாமானின் நுனி ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும், வெட்டின் மேல்விளிம்பில் மட்டும்தான் பிடிக்கும். எங்களுடையது இரண்டு பக்கமும் நேராக, வெட்டின் அடிவரை இறங்கி உட்காரும். மரப்பிடியில் பதித்திருந்த ரிவோல்வர் படத்தை மட்டும் தேய்த்து அழித்திருந்தேன். "எட, என்னமா வருகுதடா இது!" என்று அக்கா வாய்விட்டுச் சிரித்தா. அவ அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஐஸ் மழை பெய்து மரமும் மின்கம்பமும் ஒடிந்து விழுந்தன. கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. அக்காவின் மகள், என் மருமகள், கோட்டோடு படுத்து இருமிக்கொண்டிருந்தாள். பத்ரோன் தன் ட்ரக்கில் வந்து கதவைத் தட்டினார். மலைப்பக்கம் இருந்த அவர் வீட்டில் விறகு அடுப்பு உண்டு, ஏறுங்கள் என்றார். நான் பதிலை இழுத்தேன். "பிள்ளை இருமுது, நீ என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று அக்கா என்னை ஏசிவிட்டுப் பையைக் கட்டினா.

அவர் வீட்டில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறைய ரிவோல்வர்கள். அக்கா பார்த்தா, மகளை அடுப்போரம் இருத்தினா. சூப் குடித்து முடிந்ததும், என்னை என் அக்காவுக்கு முன்னால் நாலு வார்த்தை புகழ வேண்டும் என்று பத்ரோனுக்குத் தோன்றியிருக்கிறது. பாவம், நல்ல மனிதர். அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்து, குண்டு இல்லைத்தானா என்று பார்த்து, என் கையில் வைத்துப் பிரெஞ்சில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிற மருமகள் துள்ளிக்கொண்டு தாய்க்குத் தமிழில் சொன்னாள்: "அம்மா, இதுக்குள்ள எல்லாம் மாமாதான் செய்தவராம். மாமாவின்ர விரல் தங்கமாம்!"

என் பெருவிரல் தன்பாட்டில் சுத்தியலை இழுத்தது. நாலு கிளிக். ஓர் உரசல் இல்லை. நான் சிரித்துவிட்டேன். நிமிர்ந்தபோது அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு பத்ரோன் பக்கம் திரும்பி, சூப்புக்கு நன்றியாக, "மெர்சி" என்றா.

கரண்ட் வரும்வரை அங்கேதான் இருந்தோம். வேறு எங்கே போவது? ஒவ்வொரு கோப்பைக்கும், ஒவ்வொரு போர்வைக்கும் அக்கா மெர்சி சொன்னா. கேட்கக் கேட்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. என்னோடு கதைத்தது ஒரே ஒரு தரம், காலையில் பாத்திரம் கழுவும்போது, திரும்பிப் பார்க்காமல். "அத்தானுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்குமோடா?" நான் கழுவிய கோப்பையை எடுத்துத் துடைத்தேன்.

வீடு திரும்பிய அன்று அந்த ஸ்குரூ டிரைவர் என் சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே இருந்தது. அக்கா ஏசவில்லை, அழவில்லை, வெளியே போ என்றும் சொல்லவில்லை. ஏசியிருக்கலாம். அதற்குப் பிறகு தகட்டை மரக்கறி வெட்டும் கத்தி நுனியால்தான் கழற்றினா. கத்தி வழுக்கும், விரலைக் கீறும், ஆணியின் தலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நான் பக்கத்து அறையில் இருந்து அந்தக் கிறீச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலையை விட்டேனா என்றால், இல்லை. பத்ரோன் பட்டறையை மூடும்வரை போனேன். வீட்டு வாடகைக்காக என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன். என் கை அந்த வேலைக்கு ஆசைப்பட்டது என்பதை யாரிடம் சொல்ல? வெட்கக்கேடு.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போயிருந்தேன். அவவுக்கு இப்போது கை நடுக்கம். பேத்தியின் சட்டைக்கு ஓரம் அடிக்க வெளிக்கிட்டவ, மெஷினை என் பக்கம் தள்ளி, "இந்த ஆணி வருகுதில்லை. கழட்டித் தா" என்றா. இத்தனை வருடத்தில் அந்த மெஷினில் கைவைக்கச் சொல்லி என்னைக் கேட்டது அதுதான் முதல் தரம்.  காருக்கு ஓடி, படம் அழித்த பிடியோடு அங்கே கிடந்த அதே ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்தேன்.

பிடிக்கவில்லை. வெட்டு இருந்தால்தானே பிடிக்க. அந்த நேரான நுனி இறங்கி உட்கார அங்கே இடமே இல்லை. திரும்பத் திரும்ப வைத்தேன், நழுவி நழுவி வந்தது. அக்கா பிடியில் நான் அழித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "அதை வை" என்றா. மேசையையும் சுவரையும் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போய், அந்தக் கத்தியை எடுத்து வந்து, கூர்முனையைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டு கைபிடியை என்னிடம் நீட்டினா.

வாங்கினேன். கசாப்புக்காரன் மாதிரித்தான் கழற்றினேன்.