வட்டத்துக்குள் எடுத்த மண்

ஷா ஆலம் ஆபீஸிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில், என் வேலை போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். மண்ணியலில் மாஸ்டர்ஸ் முடித்து, உர ஆலோசனை நிறுவனமொன்றில் சேர்ந்து மூன்றாவது மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

முந்தின மாதம் கேரி தீவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு மண் எடுக்கப் போயிருந்தேன். பை தூக்கவும் வழி காட்டவும் தோட்டத் தொழிலாளி பார்வதி கூட வந்தார். என் வயதுதான் இருக்கும். செம்பனை மரத்தடியைச் சுற்றிப் புல் இல்லாத வட்டம் இருக்கும். வரிசைகளுக்கு நடுவே மட்டையும் முள்ளும் சேறும். இரண்டு இடத்திலும் மண் எடு என்று ஆபீஸ் கையேடு சொன்னது. எனக்குத் தெரியாததா என்று அதைச் சும்மா புரட்டிவிட்டு வைத்தேன். இரண்டு வருஷ ஆய்வையும் தொட்டி மண்ணில் செய்தவளுக்கு அவ்வளவு மிதப்பு! மண் எடுக்கும் ஆகரை இறக்க வசதியான வட்டத்துக்குள்ளேயே இருபது குத்தும் குத்தினேன்.

லேப் ரிசல்ட்டில் பொட்டாசியம் எக்கச்சக்கம். உரத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பியும்விட்டேன்.

ரயிலில் கைபேசியில் மண் எடுத்த நாளின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஆகரும் கையுமாகச் சிரிக்கிறேன். காலடியில் உர மணிகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உரம் போடும் இடத்து மண்ணை எடுத்து, உரம் அதிகம் என்று எழுதியிருக்கிறேன்! குறைத்தால் மரம் உடனே வாடாது, காய்ப்பு குறைந்த பிறகுதான் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் தோன்றியது, பொய் சொல்வானேன்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கித் தோட்ட மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்த ரிப்போர்ட் தப்பு. நான் மண்ணு எடுத்த எடமே சரியில்ல."

"அடடா! நல்ல வேள இப்ப சொன்னீங்க. அடுத்த ரவுண்டு உரத்துக்கு வெள்ளிக்கிழமதான் ஆர்டர் போடறோம். மறுபடி வந்து எடுங்க லா."

அப்பாடா! பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் பாஸ் மேடம் பிடிபிடியென்று பிடித்தார்.

"மாஸ்டர்ஸ் முடிச்சிட்டா கையேட்ட படிக்கக் கூடாதா?"

திட்டினாரே தவிர வீட்டுக்கு அனுப்பவில்லை. எவ்வளவு திட்டினாலும் கேட்கத் தயாராக இருந்தேன்.

அன்றைக்கே கேரி தீவுக்கு ஓடினேன். முள்ளையும் சேற்றையும் மிதித்து வரிசைகளுக்கு நடுவிலும் ஆகரை இறக்கினேன். பார்வதி சிரித்தார்.

"இப்பதான் சரியா எடுக்கறீங்க. போன தடவ நீங்க வர்றதுக்கு முந்தின நாளுதான் அந்த வட்டத்துல நான் உரம் போட்டேன்."

"ஐயோ, அப்பவே சொல்லியிருக்கலாமேங்க!"

"மாஸ்டர்ஸ் படிச்சவங்க வராங்கன்னு மேனேஜர் சொன்னாரு. ஒங்களுக்குப் போயி நான் என்னத்த சொல்றதுன்னு விட்டுட்டேன்."

மேடத்தின் திட்டைவிட அதுதான் எனக்கு உறைத்தது. வேலை நிரந்தரமாகி, பல தோட்டங்கள் பார்த்துவிட்டேன். இன்றும் ஆகரை எடுக்குமுன், "கடைசியா எப்ப, எங்க உரம் போட்டீங்க?" என்று கூட வருகிறவரிடம் கேட்டுவிடுகிறேன். மண்ணியல் படிக்கிற தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள் என்பதை அவர்கள் கேட்டால் சொன்னால் போதும்.